கவுளி அடுக்குகிறவள்

என் அப்பாவோடு எந்த இடத்துக்கும் நான் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது கிடையாது. கல்யாணத்துக்குப் போனால் கடைசிப் பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருப்பார்கள். திருவிழாவுக்குப் போனால் தேர் நிலைக்கு வந்து நின்றிருக்கும். வெற்றிலைத் தோட்டத்துக்கு மட்டும் கோழி கூப்பிடுவதற்கு முன்னால் எழுந்து போய்விடுவார். கொடி வாடினால் பொறுக்காது, பெற்ற மகள் வாடினால் பரவாயில்லை. அதனால், உலகச் சண்டைக் காலத்தில் ஒரு நாள் நாங்கள் மோகனூருக்குப் படம் பார்க்கப் போனபோது அவர் பண்ணிய தாமதத்தை எல்லாம் அந்தப் பழைய கணக்கிலேயே சேர்த்துவிட்டேன். அது வேறு கணக்கு என்று சாயங்காலம்தான் தெரிந்தது.

எதற்காகப் போனோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். என்னைப் பெற்ற தீட்டுக் கழிவதற்குள் என் அம்மா போய்விட்டாள். அவள் முகம் எனக்குத் தெரியாது. போட்டோ பிடித்துச் சுவரில் மாட்டுவதற்கு நாங்கள் மிட்டாதார் குடும்பமும் இல்லை. பரமத்தி வேலூரில் வாய்க்கால் தண்ணீரை நம்பிக் வெற்றிலைக் கொடிக்கால் வைத்துப் பிழைத்தவர்கள். அம்மா எப்படி இருப்பாள் என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். மாநிறம் என்பார் ஒருவர், நல்ல சிவப்பு என்பார் இன்னொருவர். பக்கத்துத் தோட்டத்துக்காரி ஒருத்தி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, உன்னையாட்டம் இல்லை என்று மட்டும் சொன்னாள். இதைக் கேட்டு நான் என்ன செய்வது?

என்னை வளர்த்தது அத்தை, அப்பாவின் அக்கா. புருஷனைப் பறிகொடுத்துவிட்டு மகனோடு தம்பி வீட்டுக்கு வந்தவள், பிறகு அந்த மகனையே எனக்குக் கட்டி வைத்தாள். அத்தையே மாமியாராக வந்தால் ஒரு வசதி உண்டு. புதிதாக வசவு பழகிக்கொள்ள வேண்டியதில்லை. பால் பொங்கி வழிந்ததற்கு நான் அடுப்போடு சண்டை போட்டாலும், தரகுக்காரனை நாலு வார்த்தை கேட்டாலும், அத்தை ஒரே பாட்டைத்தான் பாடுவாள். "உங்கம்மா இருந்த எடந் தெரியாது. வாயத் தொறந்து ஒரு பேச்சுப் பேச மாட்டா, எல்லாங் கண்ணுலயே பேசுவா. நீ யாரு வயித்துல பொறந்தியோ." மூக்கு நுனியில் கோபத்தோடு பிறந்த எனக்கு, அந்தக் கண்ணைப் பார்க்காவிட்டால் மண்டை வெடித்துவிடும் போலிருந்தது. எனக்கு அப்போது தலைப்பிள்ளை, ஐந்தாம் மாதம். அம்மா எதில் போனாளோ அதே வழியில்தான் நானும் இறங்கிக்கொண்டிருந்தேன். பயந்தேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை. பிரசவத்துக்கு முன்னால் அவளை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான் என் வேண்டுதல்.

பார்ப்பதற்கு வழி இருக்கிறது என்பதே எனக்கு வெகுநாள் தெரியாது. மோகனூரில் ஒரு சித்திரக்காரர் இருந்தார். வசதியான வீட்டுப் பிள்ளை, மதராசுக்குப் போய்ப் படம் எழுதப் படித்துவிட்டு வந்து, கல்யாணம் காட்சி எதுவும் இல்லாமல் காவிரிக் கரையில் வீடு கட்டிக்கொண்டு எழுதிக்கொண்டே இருந்தவர். அவர் செத்த பிறகு, அவருடைய விருப்பம் என்று சொல்லி, தம்பிக்காரர் வீட்டையும் தோட்டத்தையும் ஊரார் வந்து பார்க்கும்படி திறந்து விட்டிருந்தார். அங்கே போய்வந்த ஒரு வெற்றிலை வியாபாரியின் பெண்சாதிதான், அகத்தி நிழலில் ஒரு பொம்பளை கவுளி அடுக்குகிற படம் இருக்கிறது, அகத்தியும் வாய்க்காலும் அப்படியே உங்கள் தோட்டம்தான் என்று என்னிடம் சொன்னாள். வெற்றிலையை நூறு நூறாக அடுக்கிக் கட்டுவதுதான் கவுளி. கொடிக்காலுக்குள் பெண்கள் கால் வைக்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். வரப்போரத்தில் உட்கார்ந்து அடுக்கித் தருவது மட்டும்தான் அவர்கள் வேலை. நான் அத்தையைக் கேட்டேன். அத்தை புளியை உருட்டிக்கொண்டே, ஆமாம், அந்த ஆள் வண்டி கட்டிக்கொண்டு வந்து உங்கம்மாவைப் பார்த்துப் படம் எழுதினதாக உங்கப்பன் சொன்னான், அப்போது நீ வயிற்றில் இருந்தாய் என்று, ஊருக்கு மழை பெய்ததைச் சொல்வது போலச் சொன்னாள். இத்தனை வருஷமாக இதைச் சொல்ல அவளுக்குத் தோன்றவில்லை. நான் கேட்கவில்லையாம்.

அதிலிருந்து இரண்டு வருஷம் அப்பாவை நச்சரித்தேன். தண்ணீர் முறை வந்திருக்கிறது என்பார். தண்ணீர் முறை போனால் கொடி கட்ட வேண்டும் என்பார். நடுவில் ஒரு நாள் கரூருக்குப் போகிறேன் என்று வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு கிளம்பிப் போய் இருட்டின பிறகு திரும்பினார். கரூருக்குப் போக முடிகிற மனிதருக்கு மோகனூர் மட்டும் சீமையில் இருக்கிறதா என்று அன்றைக்குப் பெரிய சண்டை. அவர் வெற்றிலையைத் தொடையில் துடைத்துக்கொண்டிருந்தார். கடைசியில் வயிற்றைக் காட்டித்தான் சம்மதம் வாங்கினேன். மாசமாக இருக்கிறவள் ஆசைப்பட்டதைக் கொடுக்காவிட்டால் பிள்ளைக்குக் காது சீழ் பிடிக்கும் என்று அத்தையே சொல்லிவிட்டாள். ஆயுளில் முதல் தடவையாக அத்தையால் எனக்கு ஓர் உபகாரம்.

அதற்குக் கூலியாக அவளும் கூட வந்தாள். புளிச்சோறு, தயிர்ச்சோறு, தண்ணீர்ச் செம்பு, நான் மயங்கி விழுந்தால் முகத்தில் தெளிக்க இன்னொரு செம்பு, காத்து கருப்பு அண்டாமல் இருக்க முந்தானையில் முடிந்து வைத்த வேப்பிலை. நாமக்கல் வரைக்கும் ஒரு பஸ், அங்கிருந்து மோகனூருக்கு இன்னொன்று. அப்போது பெட்ரோல் பஞ்சம். பஸ்ஸின் முதுகில் கரியடுப்பு ஒன்றைக் கட்டிவிட்டிருந்தார்கள். அடுப்பு பிடித்தால் பஸ் போகும். பிடிக்காவிட்டால் கிளீனர் இறங்கி விசிறிச் சக்கரத்தைச் சுற்றுவான், ஆண்கள் இறங்கித் தள்ளுவார்கள். எங்கள் வீட்டு அடுப்பைவிட அழுத்தமான அடுப்பு. எல்லோரும் தள்ளிக்கொண்டிருக்கும்போது அப்பா மட்டும் ஓர் ஓரமாகப் போய், வெறும் கரட்டுக் குன்றைப் பார்த்துக்கொண்டு நின்றார். பஸ் கிளம்பின பிறகு அவரைக் கூப்பிடுவதற்கு நான் ஜன்னல் வழியாகக் கத்த வேண்டியிருந்தது.

நாமக்கல்லில் இறங்கினதும், இவ்வளவு தூரம் வந்துவிட்டு ஆஞ்சநேயரைப் பார்க்காமல் போனால் குற்றம் என்றார். அந்த ஆஞ்சநேயரை அவர் மாதம் ஒரு தடவை பார்க்கிறவர். போனோம். அங்கே தெரிந்தவர் ஒருவரைப் பிடித்துக்கொண்டு வெற்றிலை விலை பேசினார். அதற்குள் மோகனூர் பஸ் ஒன்று போய்விட்டது. அடுத்ததைப் பிடித்து மோகனூர் போய் இறங்கினால், காவிரிக்கு வந்துவிட்டு முழுகாமல் போகக் கூடாது என்றார். மாசமாக இருக்கிறவள் ஆற்றில் இறங்கக் கூடாது என்று அத்தை. சரி, நீங்கள் இரண்டு பேரும் கரையில் இருங்கள் என்று அவர் மட்டும் இறங்கினார். எருமைகூட அவ்வளவு நேரம் தண்ணீரில் கிடக்காது. பிறகு சோறு. பிறகு, சாப்பிட்ட களைப்புத் தீரச் சித்த நேரம் சாய்ந்திருக்கலாமே என்றார். நான் எழுந்து நடக்க ஆரம்பித்துவிட்டேன். அத்தை பின்னாலேயே இரண்டு செம்புகளோடு ஓடி வந்தாள்.

சித்திரக்காரர் வீட்டு வாசலில் தம்பிக்காரர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தாலுகா கச்சேரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் என்று பிற்பாடு தெரிந்தது. தெரியாமலேயே ஊகித்திருக்கலாம். செருப்பை எங்கே விட வேண்டும், கால் எங்கே கழுவ வேண்டும், வாயில் உள்ள வெற்றிலையை எங்கே துப்ப வேண்டும் என்பதற்கெல்லாம் அவரிடம் சட்டம் இருந்தது. துப்புவதற்கென்று சாம்பல் போட்ட பானை ஒன்று வைத்திருந்தார். எங்களை எந்த ஊர் என்று கேட்டார். வேலூர் என்றதும் முகம் கறுத்துவிட்டது. மேற்குச் சுவரில் ஆள் உயரத்துக்குச் சிவந்து கிடந்த இடத்தைக் காட்டி, இது உங்க ஊர்க்காரர்கள் எழுதிய சித்திரம் என்றார். நாங்கள் விளைவிக்கிறோம், துப்புகிறவன் எந்த ஊர்க்காரனோ என்று சொல்ல வாய் வந்தது. காரியம் ஆக வேண்டியிருந்ததால் விழுங்கிக்கொண்டேன்.

அப்பா உள்ளே வரவில்லை. பின்னால் மெதுவாக வந்தவர், வாசல் மாமரத்தடியில் எங்களுக்கு முதுகைக் காட்டித் துண்டை விரித்து உட்கார்ந்துகொண்டார். நீங்கள் போய்ப் பாருங்கள், எனக்கு முழங்கால் வலிக்கிறது என்றார். கொடிக்காலில் நாள் முழுக்கக் குந்துகிற முழங்கால் அது. அவரோடு மல்லுக்கு நிற்க நேரமில்லை.

வீட்டுக்குள் நேராகப் போகலாம் என்று பார்த்தால், தம்பிக்காரர் குறுக்கே வந்து நின்றார். முதலில் தோட்டம், பிறகுதான் படம், அதுதான் முறை என்றார். அண்ணன் எழுதின படங்களில் அவருக்கு அவ்வளவு அக்கறை இருந்ததாகத் தெரியவில்லை. தோட்டம் அவர் போட்டது. ஒவ்வொரு ரோஜாச் செடிக்கும் தகரத்தில் இங்கிலீஷ் பேர் எழுதிக் குத்தியிருந்தார். அதை ஒவ்வொன்றாகப் படித்து, எந்த ஊரிலிருந்து பதியன் வந்தது, எந்த மழையில் அழுகப் பார்த்தது, எப்படிக் காப்பாற்றினார் என்று சொன்னார். குரோட்டன்ஸ் மட்டுமே ஒரு பாத்தி நிறைய. பூக்காத, காய்க்காத, மாடும் தின்னாத செடிக்கு இவ்வளவு தண்ணீர் ஊற்றுகிறார்களே என்று அத்தை என் காதில் கேட்டாள். அவர் காதிலும் அது விழுந்துவிட்டது. அதனால் குரோட்டன்ஸின் பெருமையை ஆதியிலிருந்து மறுபடி சொன்னார். ஆனால் ரோஜாப் பாத்தியில் பாதி மிதிபட்டு, கிளைகள் ஒடிந்து கிடந்தன. அதைப் பற்றிக் கேட்டபோது, வெள்ளிக்கிழமைச் சனம் என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்டு, உதட்டைக் கடித்தார். எனக்கு இடுப்பு வலி எடுத்துவிட்டது. சூரியன் காவிரிக்கு அந்தப் பக்கம் சாய ஆரம்பித்திருந்தான். கடைசி பஸ் பொழுது சாய்கிற நேரத்தில்.

ஒருவழியாக வீட்டுக்குள் விட்டார். முதல் அறையில் துப்பாக்கியும் மீசையுமாக ஜமீன்தார்கள். அடுத்ததில் வெள்ளைக்காரத் துரைசானி ஒருத்தி மடியில் நாயோடு. அத்தை அந்த நாய்க்கு முன்னால் நின்றுவிட்டாள். உசிரோட இருக்கிற மாதிரி இருக்குதே, குரைக்குமா என்று தம்பிக்காரரைக் கேட்டாள். நான் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மூன்றாவது அறைக்குப் போனேன்.

அந்த அறையில் வர்ண வாசனை இல்லை, மஞ்சள் வாசனை. எதிர்ச் சுவரில் பெரிய படம். அகத்தி மரங்கள், அவற்றில் ஏறின கொடி, வாய்க்கால் தண்ணீரில் வெளிச்சம், எல்லாம் எங்கள் தோட்டமே. வரப்போரத்தில் ஒருத்தி உட்கார்ந்து மடியில் வெற்றிலையை அடுக்கிக்கொண்டிருந்தாள். விரல்களை எண்ணெய் வர்ணத்தில் அவ்வளவு நேர்த்தியாக எழுதியிருந்தார். கட்டை விரலால் இலைக்காம்பைத் தள்ளுகிற அந்தத் தினுசு எங்கள் வீட்டுத் தினுசு. விரலிலிருந்து மேலே பார்த்துக்கொண்டே போனேன். முகம் இல்லை. முகம் இருக்க வேண்டிய இடத்தில் அடை அடையாக மஞ்சள் பூசியிருந்தது. நெற்றியில் கைப்பிடி அளவு குங்குமம். சட்டத்தைச் சுற்றி வேப்பிலை மாலை, எலுமிச்சம்பழம். மஞ்சளுக்கு நடுவில் இரண்டு வெள்ளிக் கண்கள் பளபளவென்று என்னை முறைத்தன. மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டு சாத்துவார்களே, அந்தக் கண்மலர்.

அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டு கும்பிட்டாள். பிறகு வரப்பையும் அகத்தியையும் பார்த்தாள். கும்பிட்ட கை அப்படியே நின்றுவிட்டது. "ஐயோ, இது நம்ம புள்ளையல்லோ" என்றாள்.

எனக்கு வந்த ஆத்திரத்தை எப்படிச் சொல்வது? இரண்டு வருஷம் நச்சரித்து, கரிவண்டியில் புகை தின்று, ஆஞ்சநேயர், காவிரி, குரோட்டன்ஸ் எல்லாம் தாண்டி வந்தால், பெற்ற தாயை ஊரார் அம்மனாக்கி முகத்தை மெழுகி வைத்திருக்கிறார்கள். தம்பிக்காரரைப் பிடித்துக்கொண்டேன். இது யார் செய்த வேலை, இது என் அம்மா, இதையெல்லாம் எடுங்கள் என்றேன். அவர் என்னைவிட நொந்துபோயிருந்தார். தனக்கும் இது பிடிக்கவில்லை என்றார். எண்ணெய்ப் படத்துக்குக் கண்ணாடி போடும் வழக்கம் இல்லை, போட்டிருந்தால் தப்பியிருக்கும் என்றார். யாரோ ஓர் ஆள் ஒரு நாள் வந்து தேன்மெழுகு வைத்து இந்தக் கண்களை ஒட்டிவிட்டுப் போனானாம். அடுத்த வாரம் கண்வலியோடு வந்த ஒருத்தி அதைப் பார்த்துக் கும்பிட்டிருக்கிறாள், வலி தானாகவே தீர்ந்திருக்கிறது. அவ்வளவுதான், வெள்ளிக்கிழமைதோறும் கூட்டம். கற்பூரம் கொளுத்த மட்டும் விடமாட்டேன் என்று சண்டை போட்டு நிறுத்தியிருக்கிறார். மஞ்சளை நிறுத்த முடியவில்லை. தன் ரோஜாக்கள் மிதிபட்டதும் அதனால்தான். தான் கை வைத்துத் துடைத்தால் ஊர் சும்மா விடாது என்றார்.

யார் அந்த ஆள் என்று கேட்டேன். பேர் தெரியாது, பார்த்தால் தெரியும் என்றார். அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்து நியாயம் கேட்கலாம் என்று நான் வாசலுக்கு ஓட, அவரும் பின்னாலேயே வந்தார். மாமரத்தடியில் அப்பா எழுந்து நின்றிருந்தார். தம்பிக்காரர் வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

"ஏனுங்க அம்மிணி, இவருதானுங்க" என்றார். "மொதமொதல்ல வந்து கண்ணு வெச்சவரு இவருதானுங்க."

கரூருக்கு வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு போன நாள் எனக்கு அப்போதுதான் விளங்கியது. என்னப்பா இது, அம்மா முகத்தில் சனம் மஞ்சளை அப்பி வைத்திருக்கிறதே என்று கேட்டேன். அப்பா துண்டை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். சித்திரக்காரர் படம் எழுத வந்தபோது அம்மாவுக்கு நிறைமாதம். உயிரோடு இருக்கிறவர்களைப் படத்தில் எழுதிக் கண்ணைத் திறந்துவிட்டால் ஆயுசு படத்துக்குப் போய்விடும் என்று எல்லோரும் சொல்வார்கள். அதிலும் பிள்ளைத்தாய்ச்சி. பெரிய வீட்டு மனிதரை வேண்டாம் என்று திருப்பி அனுப்பவும் முடியவில்லை. அதனால், எல்லாவற்றையும் எழுதுங்கள், கண்ணை மட்டும் திறக்க வேண்டாம், அவள் பெற்றுப் பிழைத்து எழுந்த பிறகு வந்து திறந்துகொள்ளுங்கள் என்று கேட்டுக்கொண்டாராம். சிற்பி கடைசியில்தானே சாமிக்குக் கண் திறக்கிறான், அந்த மாதிரி. அவரும் சரி என்று விட்டுவிட்டார். அம்மா எழுந்திருக்கவில்லை. அவரும் கண்ணைத் திறக்க வரவில்லை.

"குருட்டுப் படத்த எப்படிச் சாமி உங்கிட்டக் காட்டறது?" என்றார் அப்பா. "நீயோ வயித்துல புள்ள வாறதுக்கு முந்தியே தெனம் கேட்டுட்டிருந்த. அம்மனுக்கு வெக்கறதுதானே, இவளுக்கும் வெச்சுட்டா ஒனக்குத் தெரியாதுன்னு நெனச்சேன். சனம் மஞ்சளோட வருமுன்னு எனக்கென்ன தெரியும்?"

அழுவதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. இரண்டு தடவை நல்லது செய்யப் பார்த்திருக்கிறார். முதல் நல்லதில் கண் போனது. இரண்டாவது நல்லதில் முகமே போனது. கையைப் பிடித்து அவரை உள்ளே இழுத்துக்கொண்டு போனேன். அந்த முழங்காலுக்கு எந்த வலியும் இல்லை, நன்றாகவே நடந்தார்.

தம்பிக்காரரிடம், நீங்கள் துடைத்தால்தானே ஊர் கேட்கும், பெற்ற மகள் துடைத்தால் யார் கேட்பது என்றேன். அந்த யோசனை அவருக்குப் பிடித்துவிட்டது. ஓடிப்போய்க் குவளையில் தண்ணீரும் அண்ணன் உபயோகித்த மெல்லிய துணியும் கொண்டுவந்தார். நான் கண்மலரைப் பெயர்த்தேன். மெழுகோடு வந்தது. அடியில் அப்பா சொன்னதுதான் இருந்தது. இமையும் இல்லை, விழியும் இல்லை. தோலின் நிறத்திலேயே மழமழவென்று இரண்டு குழி.

அத்தையைத் திரும்பிப் பார்த்தேன். கண்ணிலேயே பேசுவாள் என்பாயே, எப்படி இருக்கும் அந்தக் கண், சொல் என்று கேட்டேன். அத்தை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். தான் அப்போது புருஷன் வீட்டில் இருந்ததாகவும், கல்யாணத்திலும் நோம்பி பண்டிகையிலும் பார்த்ததுதான் என்றும் சொன்னாள். சாது என்று சொல்லி வைத்தால் நீ கொஞ்சம் அடங்கி வளர்வாய் என்று சொன்னது, மற்றபடி ஞாபகம் இல்லை என்றாள். இருபது வருஷத்துக்கும் மேலாக அந்த இல்லாத சாதுவிடம் நான் தோற்றுக்கொண்டிருந்திருக்கிறேன்.

அப்பாவிடம் திரும்பினேன். நீங்களாவது சொல்லுங்கள், கட்டிக்கொண்டவர்தானே என்றேன்.

அப்பா அந்த இரண்டு குழிகளையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "பெரியவங்க இருக்கற ஊட்டுல, பகல்ல பொண்டாட்டி மூஞ்சிய நிமுந்து பாக்கற வழக்கமா இருந்துச்சு? சோறு போடற கையப் பாத்திருக்கேன். நெதானமா ஒக்காந்து அவ மூஞ்சியப் பாத்தவன் இந்தச் சித்திரக்காரன் ஒருத்தந்தான். அவனையும் எழுத வேண்டாமுன்னு நாந்தான் சொல்லிப்போட்டேன்" என்றார்.

நான் துணியை நனைத்து, மஞ்சளைத் துடைக்க ஆரம்பித்தேன். நெற்றிக்குக் கை போனபோது அத்தை என் மணிக்கட்டைப் பிடித்தாள். அவள் சுமங்கலியாகப் போனவள், புருஷன் பக்கத்தில் நிற்கிறான், குங்குமத்தில் கை வைக்காதே என்றாள். அதற்கு மட்டும் அடங்கினேன். நெற்றியை விட்டுவிட்டுக் கன்னத்தைத் துடைத்தேன். மாநிறம். அப்படியானால் சிவப்பு என்றவர் பொய் சொல்லியிருக்கிறார். மூக்கு அத்தனை எடுப்பாக இல்லை. மஞ்சள் காய்ந்து இறுகியிருந்ததால் மெதுவாகவே வந்தது. மோவாயிலிருந்து மேலே வந்து, கடைசியாக வாயைத் துடைத்தேன்.

அந்த வாய் சாதுவின் வாய் இல்லை. கீழுதட்டைப் பல்லுக்குள் இழுத்து, ஒரு பக்கக் கடைவாயை இறுக்கி, சொல்ல வந்ததை இன்னும் ஒரு நொடிக்குத்தான் அடக்கி வைத்திருக்கிறவளின் வாய். மடியில் வெற்றிலை குவிந்து கிடக்க, இலை எடுக்கிற ஆள் வந்துவிடுவான் என்கிற அவசரத்தில், அசையாமல் உட்கார் என்று ஒரு பெரிய வீட்டுக்காரர் சொல்ல, புருஷனும் அதற்குத் தலையாட்டிவிட்டுப் போக, வயிற்றுச் சுமையோடு எரிச்சலில் வெந்துகொண்டிருக்கிறாள் என் அம்மா. கண் வேண்டியிருக்கவில்லை. பார்த்த மாத்திரத்தில் எனக்கு அது புரிந்தது. அதே மாதிரி உதட்டை இழுத்துக்கொண்டுதான் காலையிலிருந்து நான் நடந்துகொண்டிருந்தேன்.

அத்தை ஒரு தடவை படத்தைப் பார்த்தாள், ஒரு தடவை என்னைப் பார்த்தாள். செம்பை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

அப்பா சுவரோரமாக இன்னும் கிட்டே வந்தார். "இப்படித்தான்" என்றார். "இப்படியேதான் இருப்பா. தோட்டத்துலருந்து நான் சோத்துக்கு நேரங்கழிச்சு வந்தா நிமுந்து பாக்க மாட்டா. சோத்து வட்டல வெச்சுப்போட்டு, வாய இப்படி வெச்சுட்டு நிப்பா."

அப்போதுதான் தெருவில் கரி பஸ்ஸின் சத்தம் கேட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். புகையைக் கக்கிக்கொண்டு நாமக்கல் பஸ் எங்கள் கண்ணெதிரே போய்க்கொண்டிருந்தது. காலையிலிருந்து அடக்கி வைத்தது எல்லாம் ஒன்றாக வெளியே வந்துவிட்டது. இனி எங்கே தங்குவது, யார் வீட்டில் சோறு, வயிற்றுக்காரியை வைத்துக்கொண்டு ஊர் பேர் தெரியாத இடத்தில் இந்த மனிதர் என்ன செய்யப்போகிறார், ஆஞ்சநேயர் ஓடிப்போகிறாரா, காவிரி வற்றிப்போகிறதா, ஒரு நாளாவது ஒரு நேரத்துக்கு வந்திருக்கிறாரா என்று நிறுத்தாமல் திட்டினேன்.

அப்பா எப்போதும் போல முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. பேசாமலிருக்கச் சாக்காக வாய்க்குள் வெற்றிலையும் இல்லை. நான் மூச்சு வாங்குவதற்கு நிறுத்தினபோது, துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு, படத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"நேரமாக்கிப்போட்டேன்" என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.